மரத்தை மாய்க்காது மருந்து கொண்டவர்

வில்லியம் கிரகாம் மக்கைவர் சரிதம்

நாடாண்ட மன்னர் சரிதமும் படை நடத்திய தலைவர் சரிதமும் நம் சிறுவர்க்குப் பள்ளியிற் பயிற்றப்படுகின்றன. மண்ணைப் பதப்படுத்தி, விதையைக் காத்து, ஒரு செடியின் இயல்பை ஆண்டுக்கணக்கில் உற்று நோக்கி, அதனால் மக்களுயிர் காக்கும் மருந்தைப் பெருக்கிய தோட்டக்காரர் ஒருவரின் சரிதம் அத்துணை எளிதிற் கிடைப்பதன்று. நீலகிரியில் வாழும் நம் அன்பர்களுள் உதகமண்டலத்து அரசினர் பூங்காவைக் காணாதார் இலர். ஆண்டுதோறும் மே மாதத்து மலர்க் காட்சிக்குக் குடும்பத்தோடு சென்று களிப்போர் பலர். அப்பூங்காவை அமைத்தவர் மக்கைவர் துரை என்பதைச் சிலர் அறிவர். அவரே இம்மலையிற் சின்கோனா என்னும் மருந்து மரத்தை நிலைபெறச் செய்தவர் என்பதையும், மரத்தைக் கொல்லாமல் அதன் பட்டையை மீண்டும் மீண்டும் பெறும் வழி கண்டவர் என்பதையும் அறிந்தோர் மிகச் சிலரே. ஆதலின் அன்னார் வரலாற்றை ஈண்டு ஒருவாறு எடுத்துரைப்பாம்.

அவர் செயலின் அருமை விளங்க வேண்டுமாயின் அக்காலத்து நோயின் கொடுமையை முதற்கண் அறிதல் வேண்டும். நடுக்கும் குளிரோடு தொடங்கி, அனலெனக் காய்ந்து, வியர்வையோடு தணிந்து, ஒருநாள் விட்டேனும் இருநாள் விட்டேனும் மீண்டும் வந்து பற்றும் முறைக்காய்ச்சல் நம் நாட்டிற் பண்டு தொட்டு உள்ளதே. நீலகிரியின் உச்சி குளிர்ந்து நலந்தருவதாயினும், அடிவாரத்துக் காடுகளாகிய சீகூர்ப் பக்கமும், வயநாட்டுப் பள்ளத்தாக்குகளும், மேட்டுப்பாளையத்தினின்று மலையேறும் வழியும் அக்காய்ச்சலுக்கு இருப்பிடமாயிருந்தன. காடு திருத்தவும் பாதை வெட்டவும் சமவெளியினின்று வந்த கூலி மக்கள் அதனால் மாண்டனர். கொசுவே இந்நோயைப் பரப்புவது என்னும் உண்மை அக்காலத்தில் எவர்க்கும் தெரியாது. அதனை ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் நிலைநாட்டத் தொடங்கியது 1897-ஆம் ஆண்டிலேயாம். அவரும் அவ்வாண்டில் உதகமண்டலத்திற்கு ஓய்வு கொண்டு வந்திருந்தபோது சீகூர் மலைச்சரிவிற்குச் சென்று அக்காய்ச்சலாற் பற்றப்பட்டார் என்பது குறிக்கத்தக்கது.

நோயின் காரணம் தெரியாதிருந்த காலத்திலும் மருந்து ஒன்று தெரிந்திருந்தது. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டை இக்காய்ச்சலைத் தணிக்கும் என்பதை ஐரோப்பியர் 17-ஆம் நூற்றாண்டில் அறிந்தனர். 1820-இல் பாரிஸ் நகரத்துப் பெல்லத்தியே, கவந்து என்னும் இரசாயன நூலார் இருவர் அப்பட்டையினின்று கொயினாச் சத்தைத் தனியே பிரித்தனர். அதன்பின் பட்டைக்கு விலை ஏறிற்று. ஆண்டிஸ் மலையில் பட்டை உரிப்போர் மரத்தை அடியோடு வெட்டி வீழ்த்திப் பட்டையை உரித்துக்கொண்டு அடுத்த மரத்தை நாடிச் செல்வர். இவ்வாறு சென்றால் மரமே அற்றுப்போகும் என்னும் அச்சம் எழுந்தது. இந்தியாவிலோ படைவீரர்க்கும் குடிமக்களுக்கும் கொயினா மிகுதியாகத் தேவைப்பட்டது. அதன் விலையோ ஏழைக்கு எட்டாததாயிருந்தது. எனவே அம்மரத்தை இந்நாட்டிலேயே பயிரிடுவதென ஆங்கில அரசினர் துணிந்தனர். அத்துணிவு பயன்படுவதும் படாதொழிவதும் ஒரு தோட்டக்காரரின் கைத்திறனைப் பொறுத்ததாயிற்று.

அத்தோட்டக்காரரே நம் சரிதத் தலைவர். வில்லியம் கிரகாம் மக்கைவர் ஸ்காத்லாந்து தேசத்தவர். அவர் தந்தையாரும் நாற்றுத் தோட்டத் தொழிலினர். இளமையிலேயே அத்தொழிலிற் பழகிய மக்கைவர், இலண்டன் நகர்க்கு அண்மையிலுள்ள கியூ என்னும் புகழ்பெற்ற அரசப் பூந்தோட்டத்திற் பயிற்சி பெற்றார். ஆங்கு அவர் உள்ளத்தைக் கவர்ந்தவை மணமலர்களல்ல. ஈரப்பாறையிலும் மரத்தடியிலும் படர்ந்து, வழிச்செல்வோர் கண்ணிற் படாது கிடக்கும் பாசியினத்துச் சிறு செடிகளேயாம். பிரித்தானிய நாட்டில் வளரும் ஈரற்பாசி வகைகளைத் தேடித் திரட்டி, உலர்த்தி ஒட்டிய ஒரு தொகுப்பை 1847-இல் அவர் வெளியிட்டார். பாசியைக் கற்று என்ன பயன் என்று எண்ணினோர் அக்காலத்தும் இருந்திருப்பர். அப்பயன் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டு கழித்து, கடல் கடந்து, நம் மலையில் விளைந்தது.

1848-இல் மக்கைவர் உதகமண்டலம் வந்து சேர்ந்தார். அப்போது அங்கே ஒரு தோட்டம் பெயரளவில் இருந்தது. வெள்ளையர் சிலர் மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தித் தமக்கு வேண்டும் காய்கறிகளைப் பயிரிட்டுக் கொள்ளும் பொருட்டு வைத்த தோட்டம் அது. அது செவ்வனே நடைபெறாதொழியவே, பொதுவான பூங்காவாக மாற்றும் எண்ணம் பிறந்தது. சென்னை மாகாணத் தலைவராயிருந்த துவீதேல் பிரபு அதற்கு ஆதரவளித்தார். தொட்டபெட்டா மலையின் சரிவில், ஒருபுறம் சேற்று நிலமும் ஒருபுறம் செங்குத்தான மேடுமாயிருந்த அவ்விடத்தை அடுக்கடுக்காய்த் திருத்தி, நீரை வடித்து, பாதை வகுத்து, இன்று நாம் காணும் வடிவத்திற்குக் கொணர மக்கைவருக்குப் பத்தாண்டளவு ஆயிற்று. அப்பத்தாண்டும் வீணாகவில்லை. இம்மலையின் மண், பனி, மழை, வெயில் என்பவற்றின் இயல்பை அவர் தம் கையாலும் காலாலும் கற்ற காலம் அதுவே.

1860-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கிளெமென்ற்ஸ் மார்க்கம் என்பார் பெரு நாட்டினின்று சின்கோனாக் கன்றுகளோடு உதகமண்டலம் வந்தார். கண்ணாடிப் பெட்டிகளில் மண்ணோடு வைக்கப்பட்ட அக்கன்றுகள் பல கடல்களைக் கடந்தவை. செங்கடலின் வெப்பத்தால் வாடி வதங்கியவை. மக்கைவர் தம்மாலியன்ற யாவும் செய்தும் அவை பிழைத்தில. பெருஞ்செலவும் பேருழைப்பும் கொண்ட முதல் முயற்சி இவ்வாறு முடிந்தது. ஆயினும் மார்க்கமும் மக்கைவரும் மனந்தளராது மலையெங்கும் சுற்றி, இனி வரும் கன்றுகளுக்கு ஏற்ற இடங்களைத் தேர்ந்தனர். தொட்டபெட்டாச் சரிவிலும், கூடலூர் செல்லும் வழியிலுள்ள நடுவட்டத்திலும் நிலம் குறிக்கப்பட்டது.

இதனிடையே ரிச்சர்டு ஸ்புரூஸ் என்னும் தாவர நூலார் ஈக்வடார் நாட்டுக் காடுகளில் நோயோடு போராடிச் செம்பட்டைச் சின்கோனாவின் விதைகளைத் திரட்டினார். அவருக்குத் துணையாயிருந்த இராபர்ட்டு கிராஸ் என்னும் தோட்டக்காரர் கன்றுகளைக் காத்து, 1861 ஏப்ரலில் உதகமண்டலம் கொணர்ந்து ஒப்புவித்தார். நானூற்றுக்குச் சிறிது மேற்பட்ட அக்கன்றுகள் நல்ல நிலையில் இருந்தன. பிற வகைகளின் விதைகளும் பின்னர் வந்தன. சின்கோனா விதை மிக நுண்ணியது; மெல்லிய சிறகுடையது; ஒரு தோலா எடையில் பல்லாயிரம் விதைகள் அடங்கும். நீர் சிறிது மிகுந்தால் அழுகும், குறைந்தால் முளையாது. கன்றோ தன் தாய்மண்ணைக் கண்டறியாதது. அதனைப் பெருக்கும் முறையைக் கற்பிக்கும் நூல் உலகில் எங்கும் இல்லை.

இந்நிலையில் மக்கைவர் தாமே நூலாசிரியரும் மாணவரும் ஆயினர். கிளையை வளைத்து மண்ணிற் பதித்து வேர்விடச் செய்யும் பதியன் முறையையும், கொம்பை வெட்டி நடும் முறையையும், ஒரே மொட்டுள்ள சிறு துண்டை நட்டு முளைப்பிக்கும் முறையையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராய்ந்தார். மண்ணின் ஈரத்தையும் சூட்டையும் மாற்றி மாற்றி வைத்து, எது எந்நிலையில் வேர்விடுகின்றது என்பதைக் குறித்தார். அதன் பயன் வியக்கத்தக்கதாயிற்று. சில நூறு கன்றுகள் சில ஆண்டுகளுக்குள் பல இலட்சம் ஆயின. தாம் கண்ட முறைகளை அவர் மறைத்து வைத்தாருமல்லர்; 1860-களிலேயே சின்கோனாவைப் பெருக்கிப் பயிரிடும் வகை குறித்து ஒரு நூல் எழுதி வெளியிட்டார்.

அடுத்து ஒரு வாதம் எழுந்தது. சின்கோனா தன் நாட்டில் அடர்ந்த காட்டில் வளர்வது; ஆதலின் இங்கும் பெருமரங்களின் நிழலிலேயே அதனை நட வேண்டும் என்றனர் ஒரு சாரார். சாவகத்தீவில் ஒல்லாந்தர் அவ்வாறே அடர்நிழலில் நட்டனர். மக்கைவரோ, காட்டில் அம்மரம் நிழலிற் பிறக்கினும் ஒளியை நாடியே உயர்கின்றது என்பதைக் கருதி, வெளியில் நடுதலே தக்கது என்றார். இரண்டு வகையாகவும் நட்டுப் பார்க்கப்பட்டது. நிழலில் நின்றவை நெட்டையாய் மெலிந்தன. வெளியில் நின்றவை திரண்டு தழைத்தன. உயர்ந்தோர் கூற்று என்பதற்காக ஏற்காமலும், தம் கருத்து என்பதற்காகப் பிடிவாதம் செய்யாமலும், மரத்தையே நடுவராக வைத்து வழக்கைத் தீர்த்த அம்முறையே அறிவியல் முறை என்று நம் மாணாக்கர் அறிவாராக. செம்பட்டை வகை ஏறத்தாழ 6,000 அடி உயரமுள்ள நடுவட்டத்திலும், மற்றொரு சிறந்த வகை அதனினும் உயர்ந்து குளிர்ந்த தொட்டபெட்டாவிலும் நன்கு வளரும் என்பதும் இவ்வாறே தெளிந்தது.

இனி அன்னாரின் தலையாய செயலுக்கு வருவாம். மரம் வளர்ந்தது, பட்டையை எவ்வாறு கொள்வது? வெட்டிக் கொண்டால் ஆண்டிஸ் மலையில் நேர்ந்ததே ஈண்டும் நேரும். எட்டாண்டு காத்து வளர்த்த மரம் ஒருநாளில் ஒழியும். மக்கைவர் மரத்தின் உடலமைப்பை எண்ணிப் பார்த்தார். மரத்தின் கட்டைக்கும் பட்டைக்கும் இடையே ஈரமும் மென்மையும் உடைய ஒரு மெல்லிய உயிர்ப்படை உண்டு. உட்புறம் கட்டையையும் வெளிப்புறம் பட்டையையும் வளர்ப்பது அதுவே. பட்டையை உரிக்கும்போது அவ்வுயிர்ப்படை கிழிந்தாலும், கிழியாது நின்று வெயிலிலும் காற்றிலும் உலர்ந்தாலும், அவ்விடம் பட்டுப்போகும். அதனைக் காயப்படுத்தாது விட்டு ஈரத்தோடு மூடி வைத்தால், அது புதுப்பட்டையை உண்டாக்கும் அன்றோ? மூடுதற்கு எதனை நாடுவது? இளமையிற் கற்ற பாசி அவர்க்குக் கைகொடுத்தது. சோலை மரங்களிலும் பாறைகளிலும் வேண்டுமளவு கிடைப்பது அது, நீரைப் பஞ்சுபோல் ஏந்துவது, வெயிலை மறைப்பது, விலையற்றது.

அவர் வகுத்த முறை இதுவாம். தொழிலாளி மரத்தின்மேல் தன் கைக்கெட்டும் உயரத்தினின்று அடிவரையில், ஒன்றரை அங்குல அளவு இடைவிட்டு, நேராக இரண்டு கீறல் கீறுவான். அவற்றின் இடையிலுள்ள பட்டையைக் கத்தி முனையால் மெல்லக் கிளப்பி, நாடாப்போல் உரித்தெடுப்பான். அடியிலுள்ள ஈரப்படையைக் கையாலும் தொடான். அடுத்த நாடாவை விட்டுவிட்டு அதற்கடுத்ததை உரிப்பான். இவ்வாறு ஒன்றுவிட்டு ஒன்றாக உரித்தபின், மரத்தைச் சுற்றிலும் பாசியை அணைத்து நாரினாற் கட்டிவிடுவான். விடப்பட்ட பட்டை வழியே மரம் தன் உணவை வேருக்கு அனுப்பி உயிர் வாழும். உரித்த இடத்திற் பாசியின் கீழே புதுப்பட்டை தோன்றும். மாதங்கள் சில சென்றபின் முன்பு விட்ட நாடாக்களை உரித்து மீண்டும் பாசி கட்டப்படும். ஏறத்தாழ இரண்டாண்டில் முதலில் உரித்த இடமே மறுபடியும் உரித்தற்கேற்ற தடித்த பட்டையோடு நிற்கும். பசுவைக் கொல்லாது பால் கறப்பதுபோல, மரத்தைக் கொல்லாது மருந்து கறக்கும் வழி இவ்வாறு பிறந்தது.

பட்டை மீண்டும் வளர்ந்தது கண்டு மகிழ்ந்ததோடு மக்கைவர் நின்றாரல்லர். புதுப்பட்டையில் மருந்துச்சத்து உண்டோ என்பதன்றோ வினா? பட்டையின் மாதிரிகளை இலண்டனில் இத்துறையில் வல்லவராயிருந்த ஜான் எலியட் ஹவார்டு என்பார்க்கு அனுப்பினார். அவர் பகுத்தாராய்ந்து, பாசியின்கீழ் வளர்ந்த பட்டை முதற்பட்டைக்குச் சத்திற் குறைந்ததன்று, சிறந்ததே என முடிவு கூறினார். 1866-இல் அரசினர் ஜான் புரூட்டன் என்னும் இரசாயனியை நீலகிரியிலேயே நியமித்தனர். தோட்டத்தின் அருகிலேயே ஆய்வுக்கூடம் அமைந்தமையால், மண்ணிலும் உரத்திலும் உயரத்திலும் பட்டை உலர்த்தும் முறையிலும் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தின் பயனையும் உடனுக்குடன் அளந்தறிய முடிந்தது. தோட்டக்காரரின் கையும் இரசாயனியின் தராசும் ஒருங்கு கூடிய இவ்வேற்பாடு அக்காலத்தில் நம் நாட்டிற்குப் புதியதாகும்.

மற்றுமொரு கேள்வி எஞ்சி நின்றது. செம்பட்டையில் குயினைன் ஒன்று மட்டும் இல்லை. குயினிடின், சின்கோனின், சின்கோனிடின் என வேறு மூன்று சத்துக்களும் உண்டு. வணிகர் முதலாவதையே மதித்து ஏனையவற்றை இகழ்ந்தனர். அவையும் காய்ச்சலைத் தணிக்குமாயின் ஒரே மரம் பன்மடங்கு மக்களைக் காக்கும். மருந்தின் விலையும் தாழும். இதனை அறிய 1866-இல் மருத்துவக் குழுக்கள் மாகாணங்களில் அமைக்கப்பட்டன. 1868 வரையில் 2,472 நோயாளர்க்கு நான்கு சத்துக்களும் பகுத்துக் கொடுக்கப்பட்டன. அவர்களுள் 2,445 பேர் குணமடைந்தனர். 27 பேர்க்கே பயன்படவில்லை. நான்கும் ஏறத்தாழ ஒத்த ஆற்றலுடையன என்பது தெளிவாயிற்று.

இத்துணை நன்மைகளைச் சொல்லுங்கால் இதன் மறுபுறத்தை மறைத்தல் நேர்மையன்று. நடுவட்டத்திற் காடு திருத்தியவர்களுள் சீனக் கைதிகளும் இருந்தனர். மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட அவர்கள், ஈண்டுக் கொணரப்பட்டுக் குளிரிலும் மழையிலும் உழைத்தனர். தப்பியோட முயன்றோரும் உளர். விடுதலைக்குப்பின் தாய்நாடு செல்லாது தமிழ்ப் பெண்களை மணந்து, நடுவட்டத்திற்கும் கூடலூருக்கும் இடையே காய்கறி பயிரிட்டு வாழ்ந்தோரும் உளர். சின்கோனாவிற்கு இடந்தர வெட்டுண்ட சோலைக் காடுகள் மீண்டும் தோன்றவில்லை. மேலும், ஏழைக்கு எளிய மருந்து என்னும் நோக்கோடு தொடங்கிய தோட்டத்தின் பட்டை பெரும்பாலும் இலண்டன் சந்தைக்கு ஏற்றுமதியாகி அரசினர்க்கு வருவாயாயிற்று. புரூட்டன் நடுவட்டத்தில் மலிவான மருந்து காய்ச்ச முயன்றார். செலவு கட்டாமையால் அது நின்றது. 1874-இல் அவரும் பதவி நீங்கினார். மார்க்கம் இந்நிலையைக் கண்டு வருந்தினார். மலையில் மரம் தழைத்தும் மலையடியிற் காய்ச்சல் தணியாதிருந்த காலம் அது. அறிவு கண்டதை ஆட்சி வழங்காதபோது, கண்டவன் உழைப்பு பாதி வழியில் நிற்கின்றது.

மக்கைவர் 1876-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஐம்பது வயதைச் சிறிதே கடந்த நிலையில், காலமானார். இம்மலைக்கு வந்து 28 ஆண்டுகள் அவர் உழைத்தார். பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற பேரறிஞர் என்று அவரை எவரும் அழைத்திலர்; தோட்டக்காரராக வந்தார், தோட்டக்காரராகவே மறைந்தார்.

அவர்க்குப் பின் காலம் பலவாறு மாறிற்று. 1865-இல் ஒல்லாந்தர் விலைக்குப் பெற்ற ஒரு வகைச் சின்கோனா விதை சாவகத்தீவில் வளர்ந்து, நம் செம்பட்டையினும் பன்மடங்கு குயினைன் தந்தது. 1930-களில் உலகத்துப் பட்டையிற் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் சாவகத்தினதே. பாசி கட்டும் முறையும் எல்லா இடத்தும் பொருந்தவில்லை. சாவகத்திலும் சிக்கிம் மலைப்பக்கத்திலும் பாசியில் எறும்பு குடிபுகுந்து கேடு செய்தது. பின்வந்தோர் பட்டையின் மேற்புறத்தை மட்டும் சீவியெடுக்கும் முறையையும், மரத்தை அடியில் வெட்டி மறுதளிர் விடச் செய்யும் முறையையும் கைக்கொண்டனர். ஆயினும் மரத்தின் உயிரைக் காத்துப் பயன்கொள்ளல் என்னும் நோக்கம் அவற்றுள்ளும் நின்றது. நடுவட்டத்தில் அரசினர் கொயினாத் தொழிற்சாலை பின்னர் நெடுங்காலம் நடைபெற்றது. வங்கத்தில் 1892 முதல் அஞ்சல் நிலையங்களிற் கொயினாப் பொட்டலம் காசுக்கு விற்கப்பட்டது. 1942-இல் ஜப்பானியர் சாவகத்தைக் கைப்பற்றியபோது உலகம் கொயினாவிற்குத் தவித்தது. அப்போது நீலகிரி, ஆனைமலைத் தோட்டங்களின் அருமை விளங்கிற்று. வால்பாறைக்கு அண்மையில் ஓர் ஊர் இன்றும் சின்கோனா என்றே பெயர் பெற்றிருக்கின்றது.

பின்னர் ஆலையிற் செய்யப்படும் மருந்துகள் வந்தன. சின்கோனா நின்ற சரிவுகளிற் பெரும்பகுதி தேயிலையாயிற்று. இன்று முறைக்காய்ச்சலுக்கு முதன்மையாக வழங்கும் ஆர்ட்டிமிசினின் என்னும் மருந்து, 1972-இல் தூ யூயூ என்னும் சீன அம்மையாரும் அவர் துணைவரும் ஒரு செடியினின்றே பிரித்தெடுத்தது. அதன்பொருட்டு அவ்வம்மையார்க்கு 2015-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மருந்து மாறிற்று, செடியை நாடிச் சென்று அதன் இயல்பைப் பொறுமையோடு கேட்டறியும் முறை மாறவில்லை.

அன்பர்களே, நம் குடும்பங்களிற் பலர் தேயிலைத் தோட்டங்களில் கவாத்துக் கத்தி பிடித்தவர்கள், நாற்றங்கால் வைத்தவர்கள். எவ்வளவு வெட்டினால் செடி தழைக்கும், எவ்வளவு வெட்டினால் பட்டுப்போகும் என்பதை அவர் கை அறியும். அக்கையறிவு இழிந்ததென எண்ணி, மேசைக் கல்வி ஒன்றே கல்வி என நம் பிள்ளைகள் கருதுவாராயின் அது பேதைமை. மக்கைவரிடம் இருந்தது அக்கையறிவே. கண்டதைக் குறித்து வைத்தலும், வேறோர் அறிஞரைக் கொண்டு அளந்து சரிபார்த்தலும் அதனோடு சேர்ந்தமையால் அது உலகிற்குப் பயன்பட்டது. கைத்தொழில் அறிந்த தந்தையும் கணக்கும் இரசாயனமும் கற்கும் மகனும் மகளும் ஒரே வீட்டில் அமர்ந்து உரையாடுவாராயின், அத்தகைய அறிவு நம்மிடையும் பிறத்தல் கூடும். உதகமண்டலப் பூங்காவிற்கு அடுத்த முறை செல்லுங்கால், மலர்ப் படுக்கைகளைக் கண்டு மீள்வதோடு அமையாது, மரங்களின் அடியிற் படர்ந்த பாசியையும் ஒருகணம் குனிந்து நோக்கி, அதன் கதையை நம் சிறுவர்க்குச் சொல்லுதல் நம் கடன்.